தள்ளாட்டம் எலியேசர் பேசிய பேச்சு

இரும்புலியூர்,
4-3-1972, சனிக்கிழமை.

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் யூனிஸ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் ஜோதியும் சுகமாக இருக்கிறோம். ஊட்டிக் குளிரில் நீங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை அது இன்னும் பெட்டியின் அடியிலேயே கிடக்கிறதா என்று தெரியவில்லை. நான் அதை வைத்தது நீங்கள் போட்டுக்கொள்ளத்தான். சட்டைக்கு ஊட்டியைச் சுற்றிக் காட்ட அல்ல.

நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. கல்யாண வீட்டில் நீங்கள் பேசியது பேப்பரில் வந்துவிட்டது, அதனால் அங்கே நீங்கள் நடிக்கிற படத்தின் தயாரிப்பாளர் பயந்துபோய் ஒரு மறுப்பு அறிக்கை எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்கிறார், போடட்டுமா வேண்டாமா, நீயே சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் இந்த மாதிரி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை வந்திருக்காது. பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் திட்டித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. லெந்து தவ நாட்கள் முடிகிற வரைக்கும் காப்பியை விட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கோபம் வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகத்தான் இருக்கும்.

பேப்பரைப் பார்த்தீர்களா? 'சாராயக் கடைகளை மூடு! சிரிப்பு நடிகர் ஆவேசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். ஆவேசமாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஆவேசம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் வஞ்சிர மீன் முள் தொண்டையில் சிக்கியபோது. கீழே உங்கள் படம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் குடிகாரன் வேஷத்தில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். சாராயக் கடையை மூடச் சொல்லும் பேச்சுக்கு அந்தப் படத்தைத்தானா போட வேண்டும்?

நீங்கள் அன்றைக்குப் பந்தலிலிருந்து நேராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள். மேடையில் நின்றவருக்குக் கீழே நடந்தது தெரியாது. பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணை ஆளாக்கிய முனியம்மா, தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்துச் சரசுவுக்குக் கல்யாணம் செய்வாள் என்று நாம் நினைத்தோமா? மாப்பிள்ளைப் பையன் குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. அவர்கள் பக்கத்து ஆட்கள்தான் தலைமை தாங்க அந்த ஆளுங்கட்சிப் பெரியவரைக் கூட்டி வந்தார்கள். வாழ்த்துரைக்குச் சினிமா நடிகர் வேண்டும் என்று முனியம்மா உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டாள். கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் மாப்பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்து. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் பெரியவர் மைக்கைப் பிடித்தார். ஆட்சியின் சாதனை, எதிர்க்கட்சியின் சூழ்ச்சி, டில்லியின் ஓரவஞ்சனை என்று முக்கால் மணி நேரம். மணப்பெண்ணின் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார், அதையும் 'சரோஜா' என்று சொன்னார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் எழுந்ததுமே பிள்ளைகள் விசில் அடித்தார்கள். "சார், அந்த நட! ஒரே ஒரு தபா நடந்து காட்டு சார்!" என்று பந்தலே கத்தியது. நீங்களும் வழக்கம்போல இடது காலைத் தூக்கினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

ஏன் வைத்தீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்வரிசையில் சம்பந்தம் உட்கார்ந்திருந்தான். பெண்ணுக்கு அப்பன். சவரம் செய்து, புது வேட்டி கட்டி, அன்றைக்கு ஒரு நாளாவது குடிக்காமல், இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊரெல்லாம் கைதட்டுகிற அந்த நடை அவனுடையது அல்லவா? போன வருஷம் வரைக்கும் மதுவிலக்கு இருந்த காலத்தில் எங்கேயோ திருட்டுச் சரக்கு குடித்துவிட்டு ரயில் ரோட்டோரமாக வருவான். மாதத்துக்கு ஒருமுறை இருக்கும். நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, கூடத்தில் எனக்கு நடந்து காட்டுவீர்கள். இடது கால் கிளம்புவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நான்தான் திருத்தினேன். அந்த நடைதான் உங்களைத் 'தள்ளாட்டம் எலியேசர்' ஆக்கியது. பெண்ணின் கல்யாணத்தில் அப்பனுடைய நடையை அப்பன் முன்னாலேயே நடந்து காட்ட உங்களுக்கு மனம் வரவில்லை. அதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் என் புருஷனைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு 'மணமக்கள் வாழ்க' என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டியதுதானே? "இன்னிக்கு அந்த நடை வேணாம். போன வருஷம் வரைக்கும் அந்த நடையைப் பாக்கணும்னா நீங்க டிக்கெட் வாங்கணும். இப்ப சர்க்காரே தெருவுக்குத் தெரு சும்மா காட்டுது" என்றீர்கள். கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர்கூடச் சிரித்தார், தெரியுமா? வழக்கமான காமெடி என்று நினைத்துவிட்டார். அப்புறம் சிரிக்காத குரலில் சொன்னீர்கள்: "கஜானா நிரம்பணும்னா வேற வழி பாருங்க. பொம்பளைங்க வயித்துல அடிச்சு நிரப்புற கஜானா நிக்காது. கடையை மூடுங்க." அதற்கும் நாலைந்து பேர் சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மேளக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டுத் தட்டினார்.

முதல் பாதி உங்கள் சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பாதி யாருடையது? கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் முனியம்மா கன்னம் வீங்கி வேலைக்கு வந்தாளே, அன்றைக்கு ரசம் தாளித்துக்கொண்டே நான் சொன்னது. 'வயிற்றில் அடித்து' என்பதுகூட மாறவில்லை. அடுப்படியில் பேசுவதெல்லாம் மேடைக்கா, அத்தான்? நான் ரேஷன் கடைக்காரனைப் பற்றிப் பேசுகிறேன், நம் சர்ச் ஐயர் பிரசங்கத்தை இழுக்கிற இழுப்பைப் பற்றிப் பேசுகிறேன், உங்கள் அக்காவைப் பற்றியும் பேசுகிறேன். அதையெல்லாம் மைக்கில் சொல்வீர்களா? சொன்னாலும் சொல்வீர்கள்.

பெரியவர் பந்தியில் உட்காராமலே காரில் ஏறிவிட்டார். முனியம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வாங்கிக்கொள்ளவில்லை. சம்பந்தம் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். சம்பந்தி வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, மாப்பிள்ளைப் பையன் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளாமல் சரசுவுக்கு அப்பளம் ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தலைமையாசிரியை ஹில்டா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யூனிஸ், நான் தப்பா சொல்றேன்னு நினைக்காத. ஆக்டர்னா நாலு பேருக்கும் பொது. பொதுக் கிணத்துல யாராவது உப்பைக் கொட்டுவாங்களா? அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் வேற இருக்கு, நம்ம ஸ்கூல் பேர் இதுல வராம பாத்துக்கோ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள். சிரிக்க வைக்கிறவன் பக்கம் பிரித்தால் பாதிப் பேர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஜோதியை வகுப்பில் 'உங்கப்பா கட்சி மாறிட்டாராமே' என்று கேட்டார்களாம். எங்கப்பா எந்தக் கட்சியிலும் இல்லை, அவர் சர்ச்சில்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட அந்த வேஷம் கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. இதுவரை மூன்று காட்சி, நாலு காட்சி என்று தலைகாட்டிவிட்டு வந்தீர்கள். இந்தப் படத்தில்தான் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை இருக்கிறீர்கள், ஒரு பாட்டும் இருக்கிறது. செய்தி வந்த அன்று சமையலறையில் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆளை வைத்து எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுப்பார்கள், செய்யக்கூடியவர்கள்தான்.

ஆகையால் என் பதில் இதுதான். கையெழுத்துப் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டு, கொடுத்த வேலையை முடித்துவிட்டு, நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். கடைகளை மூடுவதும் திறப்பதும் நம் கையிலா இருக்கிறது?

ஜோதி தன் முத்தத்தை இந்தக் கடிதத்தின் மூலையில் வைத்திருக்கிறாள். மாம்பழக் கறை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள்,
யூனிஸ்.


இரும்புலியூர்,
8-3-1972, புதன்கிழமை.

என் அன்பான அத்தானுக்கு,

சனிக்கிழமை நான் எழுதியது கிடைத்திருக்கும். அதில் 'என் பதில் இதுதான்' என்று ஆரம்பிக்கிற இடத்தை மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டியதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அதில் மாற்றம் எதுவும் இல்லை.

நீங்கள் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் உங்கள் கம்பெனி மானேஜர் பத்ரிநாராயணன் சாருடைய தோல் பையில் இருக்கிறது. எடுத்த பிலிமை லேபில் கொடுக்க மெட்ராஸ் வந்தவர், அறிக்கையை வக்கீலிடம் காட்டித் திருத்தி டைப் அடித்துக்கொண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் மின்சார ரயில் ஏறி நம் வீட்டுக்கே வந்துவிட்டார். நீங்கள் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றே காலம் கடத்துகிறீர்களாம். அதனால் வீட்டையே நேரில் கேட்டுவிடலாம் என்று வந்தேன் என்றார். நல்ல மனிதர். ஜோதிக்கு ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாசனை வருகிற திசையில் நான் உட்காரவில்லை.

அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். 'மேற்படி திருமணத்தில் நான் பேசியது, நான் வழக்கமாக நடிக்கும் குடிகாரன் பாத்திரத்தின் நகைச்சுவை வசனமே தவிர, என் சொந்தக் கருத்து அல்ல' என்று இருக்கிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா சிரிக்கிறீர்கள் என்றார். சொந்தக் கருத்து அல்ல என்பது மட்டும் உண்மைதான் சார் என்றேன். பாவம், அவருக்குப் புரியவில்லை. நான் அவர்களுக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

சர்க்காரிலிருந்து யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "சொல்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா மேடம்? நாளைக்கு ஆயிரம் காரியத்துக்கு அவங்ககிட்ட போகணும். நூறாவது நாள் விழாவுக்கு மந்திரியைக் கூப்பிடணும்னு முதலாளிக்கு ஆசை. நடிகன் நடிச்சா போதும். பேசறதுக்குத்தான் அரசியல்வாதி இருக்கானே" என்றார். எனக்கு நாக்கு நமநமத்தது. போன வருஷத் தேர்தலில் எத்தனை நடிகர்கள் வேன்மேல் ஏறி நின்று ஓட்டுக் கேட்டார்கள், நம் தாம்பரம் மார்க்கெட் முனையிலேயே இரண்டு பக்கத்து வேனும் ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்டதே, அப்போது நடிகன் நடித்தால் போதும் என்று யாராவது சொன்னார்களா சார் என்று கேட்டேன். கல்யாண வீட்டில் அந்தப் பெரியவர் முக்கால் மணி நேரம் பேசியது மட்டும் என்ன, சமையல் குறிப்பா என்றும் கேட்டுவிட்டேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் ஹீரோக்களுக்கு மேடம். அவங்க பேசினா கருத்து. நம்ம சார் பேசினா காமெடி. அப்படியே இருந்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்லை." பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது உறைத்தது. உங்களைப் பற்றி நல்லெண்ணம் உள்ள ஒரு மனிதரே, உங்கள் வாயிலிருந்து வருவது எதுவானாலும் சிரிப்பதற்குத்தான் என்று இத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. ஆனாலும் அப்போதுகூடப் போட்டுத் தொலையட்டும், வேஷம் நிலைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை மறுபடி வருகிறேன், உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கள், நானே கையோடு கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனதில் இருப்பதை எழுதித் தருகிறேன் சார் என்று சொன்னேன். அந்தக் கடிதம்தான் இது. சோற்றுப் பருக்கையை மசித்து உறையை ஓரம் முழுக்க ஒட்டியிருக்கிறேன். அவர் பிரித்துப் பார்க்கிற ரகம் இல்லை. இருந்தாலும் பசைக்குப் பஞ்சமில்லை.

நேற்று நடந்ததைத்தான் இனி சொல்ல வேண்டும். இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். தூரத்தில் இருக்கிற மனிதரிடம் சொல்லலாமா என்று இருந்தது. ஆனால் இதைச் சொல்லாமல் என் பதில் ஏன் மாறியது என்று உங்களுக்கு விளங்காது. உட்கார்ந்து படியுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கொல்லைப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முனியம்மா பம்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் பழைய கைலியைச் சுற்றிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்கள் நடையை நடந்து காட்டினாள். அச்சாக நீங்கள்தான். இடது கால் நின்று யோசிப்பதுகூட அப்படியே இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முனியம்மா மட்டும் கையில் சாம்பலோடு எழுந்து வந்து, "பாப்பா, போதும்மா. அந்த நடய நடக்காத" என்றாள். ஜோதி பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள்.

என்னடி இது, எப்போதும் நீதானே முதலில் சிரிப்பாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். ஜி.எஸ்.டி. ரோட்டு முனைச் சாராயக் கடையில் சம்பந்தத்தை நடக்கச் சொல்கிறார்களாம். "'எலியேசர் மாரி நட்றா'ன்னு சொல்றாங்களாம் டீச்சரம்மா. நடந்தா ஒரு கிளாஸ் ஊத்துறாங்களாம். இன்னொரு தபா நடந்தா இன்னொரு கிளாசு. கையில துட்டு இல்லாத அன்னிக்கும் இத்த வச்சி குட்ச்சிகினு வர்றாரு. கொத்து வேலையில கரணை பிட்ச்ச கை, இப்ப இதான் வேலையா பூட்ச்சு" என்றாள்.

அதோடு நிற்கவில்லை, அத்தான். அது அவனுடைய நடை என்பது சம்பந்தத்துக்குத் தெரியுமாம். படம் பார்த்த முதல் நாளே கண்டுகொண்டானாம். நாம் இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "இது என் நடடா, சாரு என்னாண்டேர்ந்துதான் எட்த்துகினாரு" என்று கடையில் எல்லோரிடமும் சொல்வானாம். ஒருத்தரும் நம்புவதில்லையாம். அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி நடக்கச் சொல்வார்களாம். உங்கள்மேல் அவனுக்குக் கோபமே இல்லை என்கிறாள். ஊரே பார்க்கிற சினிமாவில் தன் நடை வருகிறது என்று பெருமைதானாம். கல்யாணத்தன்று நீங்கள் நடக்காமல் விட்டதில்கூட அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாம்.

அவனுடைய நடையில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓரத்தில் விளையாட்டு இருந்தது. இப்போது இல்லை. கடை வந்த பிறகு மாதம் ஒருமுறை என்பது தினம் என்றாகிவிட்டது. நீங்கள் கடைசியாக அவனை ஜன்னலில் நின்று பார்த்து எத்தனை நாளாகிறது? நான் பார்க்கிறேன். இடது காலை நான் திருத்தியதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. இனிமேல் அந்த நடையை நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நமக்குச் சோறு போட்ட நடை. நடப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும், எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மைக்கில் பேசியதைக் 'குடிகாரன் பாத்திரத்தின் நகைச்சுவை வசனம்' என்று எழுதி அதன் கீழே உங்கள் பெயரைப் போடுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்று காலை ஹில்டா டீச்சரிடம் போய், பொதுக் கிணற்றில் உப்பைக் கொட்டக் கூடாதுதான் டீச்சர், ஆனால் தண்ணீர் கரிக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "அதைச் சொல்றதுக்கு உன் வீட்டுக்காரரை விட்டா ஆளே இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். ஆள் இருக்கிறார்கள். நான் இருக்கிறேன், முனியம்மா இருக்கிறாள், இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ரசச் சட்டிதான் கேட்கிறது. நீங்கள் ஒரு தடவை சொன்னதும் பேப்பரில் வந்தது, பெரியவர் சாப்பிடாமல் போனார், முதலாளி வக்கீலைத் தேடி ஓடுகிறார். உங்களுக்குக் கருத்து இருக்கிறதோ இல்லையோ, கர்த்தர் உங்களுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கிற முகத்தைக் கொடுத்திருக்கிறார். வாயை எனக்குக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதில் அவருக்கு ஏதாவது யோசனை இருக்காதா?

வேஷம் போனால் போகட்டும் என்று சுலபமாக எழுத எனக்கு வரவில்லை. நேற்று ராத்திரி ஜோதி தூங்கிய பிறகு அழுதேன். அந்தப் பாட்டை நீங்கள் குளிக்கும்போது பாடிப் பாடி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதை வேறொருவர் வாயசைத்துத் திரையில் பார்க்க வேண்டுமே. ஆனால் என் சம்பளம் இருக்கிறது, உங்களுக்கு நாடகம் இருக்கிறது. நாம் பட்டினி கிடந்துவிட மாட்டோம். பத்ரிநாராயணன் சாரிடம் கோபமாகப் பேச வேண்டாம். அவர் பிழைப்பு அது. 'நான் சொன்னது சொன்னதுதான் சார்' என்று மட்டும் சொல்லுங்கள். ஆவேசமெல்லாம் வேண்டாம், உங்களுக்கு அது வராது.

கடைசியாக ஒன்று. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு முனியம்மா பம்படிக்குத் திரும்பிப் போனாள். போனவள் நின்று, "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டா? சாரு அன்னிக்கு மைக்குல சொன்னாரே, அது மெய்யாலுமே சொன்னாரா, இல்ல அதுவும் டிராமாவா?" என்று கேட்டாள். கல்யாணத்திலிருந்தே கேட்க வேண்டும் என்று இருந்தாளாம். கேட்டால் நான் தப்பாக நினைத்துக்கொள்வேனோ என்று பயமாம். பெண்ணின் கல்யாணத்தில் ஏற்பட்ட சங்கடத்துக்கு அவள் நம்மேல் வருத்தப்பட்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளுக்கு அந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது.

சார் வந்ததும் அவரையே கேள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மெய்யாகத்தான் சொன்னார், யார் கேட்டாலும் திரும்பவும் சொல்வார் என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மீதிப் பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அத்தான். நீங்கள் என்னைக் கேட்காமல் என் பேச்சைப் பந்தலில் பேசினீர்கள். நான் உங்களைக் கேட்காமல் உங்களுக்காகப் பம்படியில் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி அந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், பொய் சொன்னவள் நான். நாளைக் காலையும் அவள் வேலைக்கு வருவாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பாத்திரம் எடுத்துப் போட வேண்டும்.

கர்த்தர் உங்கள் வாயோடே இருப்பாராக.

உங்கள்,
யூனிஸ்.